மேலே இருந்த பெயர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் பசாரில், காய்கறிச் சந்தையோரத்து அப்பக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பக்கடை அண்ணன் ஒரு கையால் சட்டியைச் சுழற்றியபடியே, சுருட்டிவைத்திருந்த பேனர் ஒன்றை மறு கையால் காலடியிலிருந்து இழுத்தார். "தம்பி, சும்மாதானே நிக்கிற? இந்தக் கயித்த அந்தக் கம்பில கட்டு லா, மழை வந்துருச்சு" என்றார். சாப்பிட வந்தவனிடமும் வேலை வாங்கிவிடுவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். சாரல் அடிக்காதபடி கடைக்கு முன்பக்கம் சரிவாக இறக்கிக் கட்டினேன். கட்டிவிட்டு ரோட்டுப் பக்கம் வந்து நிமிர்ந்து பார்த்தால், வெயிலில் வெளுத்துப்போன நீலத்தில் இரண்டு உதடுகள், அவற்றைச் சேர்த்துக் கோத்த ஒரு பூட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் 'வாய்ப்பூட்டு'. எங்கள் அலுவலகத்தின் பழைய பேனர். காலி செய்தபோது கீழ்க்கடைக்காரரிடம் விட்டுவந்தோம். கை மாறி மாறி இங்கே வந்திருக்கிறது. அந்தப் பெயரால் இனி ஒரு வேதனையும் வராது என்று ஒரு தாய்க்கு அலுவலகத்தை நடத்திய லாத்தா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தாய் குடியிருப்பது இதே பசாருக்குப் பின்னால் உள்ள ஃபிளாட்டில்.

அந்தப் பெயரை வைத்தவரும் லாத்தாதான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவரை ஊரே அப்படிக் கூப்பிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு வேலைக்குப் போகிற நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வக்கீல். ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடை மாடியில் அவருக்குச் சின்ன அலுவலகம் இருந்தது. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. கைப்பேசிக் கடையில் உட்கார்ந்து, கெட்டுப்போனதைப் பிரித்துப் பிரித்தே கணினியைப் பழகியவன். ஒருநாள் அவருடைய கணினியைச் சரிபார்க்கப் போனேன். வேலை முடிந்ததும், "தம்பி, இத சரி பண்ணிட்ட. இதுக்குள்ள ஒரு பெரிய வேலை இருக்கு, அதையும் பாக்குறியா?" என்றார். அப்புறம் நான் அந்தக் கைப்பேசிக் கடைக்குத் திரும்பவே இல்லை.

அந்தப் பெரிய வேலை இதுதான். இணையத்தில் ஒருவர் எழுதுகிறார், படம் போடுகிறார். இன்னொருவருக்கு அது பிடிக்கவில்லை, அல்லது வலிக்கிறது. "இதை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வழக்குப் போடுவேன்" என்று அந்தத் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்புகிறார். தளம் பயந்தோ நியாயம் என்று நினைத்தோ எடுத்துவிடுகிறது. எழுதியது மறைந்துபோகிறது, மறைந்துபோனது என்பதுகூட யாருக்கும் தெரிவதில்லை. லாத்தாவின் யோசனை, அந்த நோட்டீஸ்களின் நகல்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது. சில தளங்கள் சம்மதித்து நகல் அனுப்பின. பெயர், விலாசம், அடையாள அட்டையின் ஐசி எண் எல்லாவற்றையும் நாங்கள் கறுப்படித்து மறைப்போம். என்னத்தை எடுக்கச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கோப்பி வந்ததும், அன்றைக்கு வந்த நோட்டீஸ்களை லாத்தா உரக்க வாசிப்பார். எந்த மொழியில் வந்திருந்தாலும் வாய்விட்டு வாசித்த பிறகுதான் அது தளத்தில் ஏறும். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. "என்னா லாத்தா, பள்ளிக்கூடம் மாதிரி?" என்று கேட்டேன். "கண்ணால படிச்சா எல்லாக் காயிதமும் ஒரே மாதிரிதான் தம்பி இருக்கும். வாயால படி. எவன் மெரட்டுறான், எவ அழுவுறான்னு தன்னால தெரியும்" என்றார். அது உண்மை. சில நோட்டீஸ்களை வாசிக்கும்போது அவர் குரல் தடித்துப்போகும். சிலவற்றுக்குக் கோப்பியைக் கீழே வைத்துவிடுவார். மனிதர்கள் சொல்வதைக் கேட்டுச் சேர்த்துவைத்துக்கொள்கிற ஆசை எனக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன். கீழ்க்கடை மாமா மாடிப்படியில் நின்று எட்டிப்பார்ப்பார். "இன்னிக்கு யாரு லாத்தா யாரு வாய அடைச்சா?" என்று நாடகத்துக்கு அடுத்த காட்சி கேட்பதைப் போலக் கேட்பார்.

'வாய்ப்பூட்டு' என்ற பெயர் பிறந்தது கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வாத்தியாரால். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். தம் வீட்டுப் பக்கத்தில் வீடு கட்டி விற்ற ஒரு கம்பெனி சாக்கடையை மூடிவிட்டதால் மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று தம் வலைப்பக்கத்தில் எழுதினார். கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். வலைப்பக்கத்தை வைத்திருந்த தளம், எது சாக்கடைப் பதிவு எது சொந்தக் கதை என்று பார்க்கவில்லை, முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டது. அதில் செத்துப்போன தம் மனைவியைப் பற்றி அவர் வாரவாரம் எழுதிவந்ததும் போயிற்று. வேறெங்கும் பிரதி இல்லை. அந்த நோட்டீஸோடு மாடிப்படி ஏறி வந்து அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த கோபத்தில்தான் லாத்தா அந்தப் பெயரை வைத்தார். உதட்டையும் பூட்டையும் வரைந்தது நான். பேனர் அடித்து வந்த அன்று வாத்தியார் ஃபெர்ரி பிடித்து வந்து, அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். வேட்டி கட்டி வந்திருந்தார் மனிதர்.

பிறகு வரத்து அதிகமானது. தளங்களின் இயந்திரங்களே எங்கள் இயந்திரத்துக்கு நகல்களை அனுப்பத் தொடங்கின. லாத்தாவுக்கும் உடம்பு முடியாமல் வந்தது, அடிக்கடி மருத்துவமனை. காலை வாசிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது. கோப்பி மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆயர் ஈத்தாம் அக்கா வந்தது அப்படி ஒரு நாளில்தான். தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தார், வேலை முடிந்து நேராக பஸ் ஏறியிருக்க வேண்டும். கையில் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி கதவருகே நின்றார். "இந்தப் பூட்டு போட்ட ஆபீஸ் இதுதானா?" என்று கேட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கைப்பேசியில் எங்கள் தளம். அதில் அவர் அனுப்பிய நோட்டீஸ்.

அவருடைய மகள் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லோரியில் அடிபட்டு இறந்துபோனாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் யாரோ ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டான். அது ஒரு தளத்தில் ஏறி ஊர் முழுக்கச் சுற்றியது. ஒரு கால் சப்பாத்து இல்லாமல், பள்ளி உடுப்போடு பிள்ளை கிடந்த கிடையை அக்காவின் கைப்பேசிக்கே நாலைந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள், 'பாவம்' என்று எழுதி. பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து அக்கா அந்தத் தளத்துக்கு நோட்டீஸ் எழுதினார். அவர்கள் படத்தை எடுத்தார்கள். வழக்கப்படி நகலை எங்களுக்கு அனுப்பினார்கள். வழக்கப்படி பெயர் கறுப்படிக்கப்பட்டு எங்கள் தளத்தில் ஏறியது. ஆனால் சப்பாத்தும் உடுப்பும் லோரியும் அப்படியே இருந்தன. ஊரில் யாருக்குத் தெரியாது? சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைத் தேடியெடுத்து, குடும்பமாக உட்கார்ந்திருந்த இடத்தில் காட்டியிருக்கிறான். "சித்தி, நீங்களும் ஒருத்தன் வாய்க்குப் பூட்டு போட்டுட்டீங்க போல" என்று சிரித்திருக்கிறான்.

"நான் யாரு வாய்க்கும்மா பூட்டு போட்டேன்?" என்று அக்கா லாத்தாவைக் கேட்டார். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ரோட்டுல கெடந்த எம்புள்ளையத் துணியப் போட்டு மூடுனேன். அவ்ளோதான் செஞ்சேன். அதுக்கு மேல இப்படி ஒரு வாயும் பூட்டும் வரஞ்சி வச்சிருக்கீங்களே."

லாத்தா எழுந்து நின்றுவிட்டார். அந்த நோட்டீஸை உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னார். எதையும் எடுப்பதில்லை என்பதுதான் எங்கள் சட்டதிட்டம். அதை அவரே மீறத் துணிந்தார். ஆனால் அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அது இருக்கட்டும்மா. நாளைக்கு எவனாச்சும் மறுபடியும் அந்தப் படத்தப் போட்டா, இந்தா பாரு, அன்னிக்கே வேணாம்னு சொன்னேன்னு காட்டணும்ல? பெத்தவ ஒருத்தி கேட்டான்னு எங்கயாச்சும் இருக்கட்டும். மேல இருக்கிற அந்தப் பேரு மட்டும் வேணாம்."

லாத்தா என் பக்கம் திரும்பி, அந்த நோட்டீஸைத் திறக்கச் சொன்னார். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டு வாசித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மலாய், பள்ளிக்கூட மலாய். 'தயவுசெய்து' என்ற சொல் வரிக்கு வரி வந்தது. எடுக்கவேண்டிய காரணம் என்ற இடத்தில், 'அவள் தன்னை அழகாக வைத்துக்கொள்வாள்' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் லாத்தாவுக்கு மூச்சு வாங்கியது, நோயா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா சுவரைப் பார்த்தபடி, வகுப்பில் பாடம் கேட்கிற பிள்ளையைப் போலக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் லாத்தா சொன்னது ஒன்றுதான்: "பேர மாத்திர்றேம்மா. இனி அந்தப் பேரால உங்களுக்கு ஒரு வலியும் வராது."

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா போன பிறகு லாத்தாவோடு வாதாடினேன். ஒரு நோட்டீஸுக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா? மிரட்டி அனுப்புகிறவன்தானே அதிகம், அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது? லாத்தா யோசித்து வைத்திருந்த புதுப்பெயர் 'வேண்டுகோள்'. "கோயில் நன்கொடை ரசீது மாதிரி இருக்கு லாத்தா" என்றேன். சிரித்தார். "இருக்கட்டுமே. கேட்டாங்க, அதுவரைக்கும்தான் நமக்குத் தெரியும். பூட்டு போட்டானா, துணி போட்டு மூடுனாங்களான்னு படிக்கிறவன் சொல்லட்டும். நாம வாசல்லயே தீர்ப்பு எழுதி மாட்டிட்டோம் தம்பி. வக்கீலா இருந்துக்கிட்டு நானே மாட்டிட்டேன்."

தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று, வாத்தியாரிடம் நேரில் சொல்லப் போனோம். லாத்தாவுக்கு நடக்க முடியாத நாட்கள் அவை. ஃபெர்ரியில் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். வாத்தியார் வீட்டுக் கூடத்தில், பேனர் முன்னால் எடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தே கலந்து கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். லாத்தா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"அந்தப் புள்ளையோட அம்மாவ நெனச்சா எனக்கும் மனசு கேக்கலம்மா," என்றார். "ஆனா எனக்குக் கெடச்ச நியாயம் அந்தப் பேரு ஒண்ணுதான். கேஸு போட முடியல, எழுதுனது திரும்பி வரல. ஒரு வக்கீலம்மா கோவப்பட்டு எனக்காக ஒரு பேரு வச்சாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டா எப்படி?"

"உங்க நோட்டீஸ் அங்கயேதான் சார் இருக்கும். படிக்கிறவன் கோவப்படுவான்."

"படிக்கிறவன நம்பி ரொம்ப நாள் ஆச்சும்மா."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஆனால் மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. அவர் அதைச் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை. திரும்பும்போது ஃபெர்ரிக் கம்பியைப் பிடித்தபடி லாத்தா கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். தீவு கிட்டே வரும்போதுதான் பேசினார். "அவரு சொல்றதுலயும் ஒரு தப்பும் இல்ல தம்பி. தப்பு இல்லாத மனுசன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டு வர்றது இருக்கே..." வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த முடிக்காத வாக்கியம் இன்றைக்கும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

பெயர் மாற்றிய நாள் விழா எதுவும் இல்லை. பூட்டையும் உதட்டையும் நான் எடுத்தேன். பேனரைக் கழற்றிச் சுருட்டினேன். தளத்தின் விலாசத்தை மாற்றி, பழைய விலாசத்தில் வருகிறவர்கள் புதியதற்கு வந்துசேரும்படி செய்தேன். முடிந்தது என்று சொன்னபோது லாத்தா, "முடியலியே. எடுத்தோம்ல? அப்போ நோட்டீஸ் எங்க?" என்றார். வேடிக்கை என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே உட்கார்ந்து, எல்லோருக்கும் உள்ள அதே கட்டங்களை நிரப்பச் சொன்னார். கோருபவர்: பெயர் மறைக்கப்பட்டது, ஒரு தாய். எடுக்க வேண்டியது: இந்தத் தளத்தின் பெயர். காரணம்: அவர் யார் வாயையும் பூட்டவில்லை. எதிர்ப்பு ஏதும் உண்டா என்ற கட்டத்தில், 'உண்டு. பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர். அவர் எதிர்ப்பும் நியாயமானது' என்று எழுதச் சொன்னார். பிறகு கோப்பி வரவழைத்து, அதை உரக்க வாசித்தார். நான் அவர் வாசித்துக் கேட்ட கடைசி நோட்டீஸ் அது.

லாத்தா மருத்துவமனையில் படுத்திருந்தபோது பார்க்க வந்த யாரோ, நல்ல எண்ணத்தோடுதான், மூக்கிலும் கையிலும் குழாய்களோடு அவர் கிடந்ததைப் படம் எடுத்து, எல்லோரும் பிரார்த்தியுங்கள், துஆ கேளுங்கள் என்று எழுதிப் போட்டுவிட்டார். தலையில் முக்காடுகூட இல்லை. முக்காட்டின் மடிப்பு கலைந்தால் வாசிப்பையே நிறுத்திச் சரிசெய்துகொள்கிற மனுஷி. அவர் மூச்சு நின்று மௌத்தான பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வந்தது. ஜனாஸா தொழுது அடக்கம் செய்த அன்று பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறத்தில், குடையைப் பிடித்தபடி வாத்தியார் நின்றிருந்தார். கிட்டே போனேன். "வேண்டுகோள்னு போட்டுத்தான் இப்ப தேடுறேன்," என்றார்.

லாத்தாவின் தங்கையிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி நான் நோட்டீஸ் எழுதினேன். எத்தனை ஆயிரம் நோட்டீஸைப் பார்த்த கை. காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் எதை எழுதினேன் என்று பார்த்தால், ஆயர் ஈத்தாம் அக்கா எழுதவைத்ததைத்தான் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தேன். படத்தை எடுத்தார்கள். வழக்கப்படி நகல் எங்களுக்கு வந்தது. காலியான மாடியில் ஒற்றைக் கோப்பியோடு உட்கார்ந்து அதை வாய்விட்டு வாசித்தேன். அது தளத்தில் ஏறியபோது மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். அங்கே உதடும் பூட்டும் இருந்திருந்தால் நானும் ஒரு பஸ் பிடித்து யார் வாசலிலாவது போய் நின்றிருப்பேன்.

அதனால்தான் அன்றைக்கு அப்பக்கடை அண்ணனிடம், "அண்ணே, இத உள்பக்கமாத் திருப்பிப் போட்டுறலாமா?" என்று கேட்டேன்.

"மழைக்கு என்னா படிக்கவா தெரியும்? எந்தப் பக்கமா இருந்தா என்ன லா?" என்றார். ஆனாலும் விட்டார். அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். ரோட்டுக்கு வெள்ளைப் பக்கம், அடியில் நிற்பவர்களுக்கு எழுத்து. ரோட்டில் போகிறவர் பார்க்கமாட்டார், அது போதும் என்று நினைத்தேன். அப்போதே மழை கொட்டத் தொடங்கியது. பசாரில் இருந்தவர்கள் கிடைத்த கூரைக்குள் ஓடினார்கள். எங்கள் பேனருக்கு அடியிலும் நாலு பேர் ஒதுங்கினார்கள். காய்கறிப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி கடைசியாக உள்ளே வந்தது அக்கா.

என்னை அடையாளம் தெரிந்தது. பையைக் கீழே வைத்தார். "லாத்தா எப்படி இருக்காங்க தம்பி?" என்றார். அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "பேர மாத்திட்டாங்கன்னு பாத்தேன். வந்து ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன். ஃபேக்டரில ராத்திரி வரைக்கும் ஓட்டி வேலை, அது இதுன்னு..." என்றார்.

படத்தைப் பற்றி ஏன் சொன்னேனோ தெரியாது, சொன்னேன். நானும் ஒரு நோட்டீஸ் போட்டேன் அக்கா, என்றேன்.

"எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"நல்லது. மூடிட்டீங்க," என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்தார். தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உதடும் பூட்டும், பெரிய எழுத்தில் அந்தப் பெயரும். அவர் அதை வாசிப்பதை அவர் கண்களில் பார்த்தேன். கயிற்றை அவிழ்க்கக் கம்பிப் பக்கம் தாவினேன். அப்பக்கடை அண்ணன், "டேய், டேய், மாவு நனைஞ்சிரும்டா" என்று கத்தினார்.

அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். பேனரின் மேல் மழை ஓடுகிற நிழல், மங்கிய வெளிச்சத்தில் அவர் முகத்தில் அசைந்தது.

"இருக்கட்டும் தம்பி," என்றார். "மழை பெய்யுதுல்ல."